வாய் திறக்காத அடிமைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில், இவ்வட்டாரப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நடத்திய 'உயிருள்ள அருங்காட்சியகம்' குறித்த செய்தியும், அதனுடன் ஒரு படமும் வெளியாகியிருந்தன. இடுப்பில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு, தெர்மாகோலில் செய்த கல் ஒன்றைக் கயிறு கட்டி இழுக்கும் ஆறு பிள்ளைகளின் அந்தப் படத்துக்குக் கீழே, 'பிரமிடு கட்டிய அடிமைகளாக மாணவ மாணவியர்' என்று அச்சாகியிருந்தது. 31 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். என் பேத்தியும் அதில் பங்கேற்றாள் என்பதால் நேரில் சென்று பார்த்தேன். படத்துக்குக் கீழே இருந்த அந்த ஒரு வரியைப் பற்றியும், அந்த வரி பிறந்த விதத்தைப் பற்றியும் எழுதவே இக்கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் உள்ள 'பண்டைய நாகரிகங்கள்' பாடத்தை ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் சுருக்கிவிடாமல், பிள்ளைகளை வேடமிட்டு நிற்க வைத்துப் பேசச் செய்த அந்த ஆசிரியையின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் சிலைபோல அசையாமல் நிற்கும். காலடியில் சிவப்புத் தாளில் வெட்டி ஒட்டிய வட்டம் ஒன்று இருக்கும். பார்க்க வந்தவர் அந்தப் 'பொத்தானை' மிதித்தால் சிலை உயிர்பெற்று, தான் யார், எக்காலத்தவர், என்ன செய்தவர் என்று பேசும். எகிப்திய மன்னன் துட்டன்காமூன் வேடமிட்ட பையன், தன் கல்லறையை 1922 நவம்பரில் தொல்லியலாளர் ஹோவர்டு கார்ட்டர் கண்டறிந்ததையும், தன் பொன்முகமூடி பத்துக் கிலோவுக்கும் மேல் எடையுள்ளது என்பதையும் தடங்கலின்றிச் சொன்னான். என் பேத்தி கிளியோபாட்ரா. பெரிய பிரமிடு எழுந்து ஏறத்தாழ 2500 ஆண்டுகள் கழித்துப் பிறந்த, காலத்தால் பிரமிடைவிட நமக்கே நெருக்கமான, கிரேக்க மாசிடோனிய மரபில் வந்த அந்த அரசியை, பிரமிடின் வாசலிலேயே காவல் தெய்வம்போல நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைக்கூடப் பெரிதுபடுத்தமாட்டேன்.

மனத்தை உறுத்தியது வேறு. அரசன், அரசி, பூசகர், படைத்தலைவர் வேடங்களுக்கு உடை வாடகையாக ஒரு பிள்ளைக்கு 800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அதைக் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் அடிமைகள் ஆனார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. பணம் கட்டியவர்கள் பெயரை எழுதி முடித்தபோது மிச்சம் நின்றவர்களுக்கு மிச்சம் இருந்த வேடம் போயிருக்கும். ஆனால் அவர்கள் காலடியில் பொத்தான் இல்லை. என் பேத்தியின் தோழி ஒருத்தி, பீடி சுற்றும் தாயின் மகள், கயிற்றின் முன்முனையில் நின்றாள். "நீ என்ன சொல்லணும்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல ஆச்சி. அடிமைக்குப் பேச்சு கிடையாதாம், கல்ல இழுத்தா போதுமாம்" என்றாள்.

வரலாறு இந்த ஏற்பாட்டுக்குத் துணை நிற்கவில்லை. பிரமிடைக் கட்டியவர்கள் சாட்டையடி வாங்கிய அடிமைக் கூட்டம் என்ற எண்ணத்தைத் திரைப்படங்கள் நம்மிடையே ஆழ ஊன்றிவிட்டன. பிரமிடு எழுந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அங்கே சென்ற கிரேக்கர் ஹெரடோட்டஸ், பெரிய பிரமிடைக் கட்டுவித்த கூஃபு மன்னன் லட்சம் பேரை வருத்தி வேலை வாங்கினான் என்று கேட்டெழுதியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்தப் பிரமிடு நிற்கும் கீசாவில் 1990-இல் தற்செயலாக வெளிப்பட்ட தொழிலாளர் கல்லறைகளும், அருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட அவர்களின் குடியிருப்பும் வேறு கதையைச் சொல்கின்றன. அங்கே அப்பம் சுட்ட அடுக்களைகள் இருந்தன. உண்ட மாட்டெலும்புகள் குவிந்து கிடந்தன. முறிந்த கையெலும்பு கட்டுப்போட்டுச் சேர்க்கப்பட்டு, ஆறிய பின்னும் பல காலம் வாழ்ந்தவர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. மன்னனின் பிரமிடு நிழலிலேயே அவர்களைப் புதைத்திருக்கிறார்கள். அடிமைக்கு அந்த இடம் கிடைத்திருக்காது. 'கூஃபுவின் நண்பர்கள்' என்றும், இன்னொரு பிரமிடில் 'மென்காவுரேயின் குடிகாரர்கள்' என்றும் தங்கள் குழுக்களுக்குப் பெயர் சூட்டி, அதைக் கல்லின் மேலேயே கிறுக்கி வைத்தவர்கள் அவர்கள். செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்னும் இடத்தில் 2013-இல் கிடைத்த பப்பிரஸ் என்னும் கோரைத் தாள் சுருள்களில், மெரர் என்ற அலுவலர் தன் படகுக் குழு துரா என்னும் இடத்துச் சுண்ணாம்புக் கல்லை நைல் வழியே கீசாவுக்கு ஏற்றிச் சென்றதை நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். எழுத்துள்ள பப்பிரஸ்களில் அதைவிடப் பழையது இதுவரை கிடைத்ததில்லை.

எகிப்தில் அடிமைகளே இல்லை என்றோ, பிரமிடு வேலைக்கு வந்த எல்லோரும் விரும்பி வந்தார்கள் என்றோ சொல்ல வரவில்லை. போரில் பிடிபட்டவர்கள் அடிமைகளானதுண்டு. ஊர்தோறும் ஆள் எடுத்துக் கட்டாய வேலை வாங்கியதும் உண்டு. நம் பக்கத்துக் குளங்களிலும் கால்வாய்களிலும் குடிமராமத்துக்கு ஊரே வந்தாக வேண்டியிருந்த காலத்தை நினைத்துக்கொண்டால் அது ஓரளவு விளங்கும். அப்படி வந்தவர்களுக்கும் பெயர் இருந்தது, பேச்சு இருந்தது.

பேச்சு எவ்வளவு இருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகளைச் சொல்கிறேன். பிரமிடுக் காலத்துக்கு வெகு பின்னர், அரசர் பள்ளத்தாக்கில் மன்னர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் தெய்ர் எல்-மதீனா. அங்கிருந்து கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுண்ணாம்புக் கல் சில்லு ஒன்றில், இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டில் யார் யார் எந்தெந்த நாளில் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதியிருக்கிறது. ஒருவனைத் தேள் கொட்டியது; ஒருவனுக்குக் கண் நோய்; ஒருவன் பீர் காய்ச்சினான்; ஒருவன் இறந்த தாயின் உடலுக்குத் துணி சுற்றினான். முப்பது ஆண்டுகள் வருகைப் பதிவேட்டோடு காலம் தள்ளிய எனக்கு, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பதிவேட்டைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று சிரிப்பை அடக்க முடியவில்லை. என் வகுப்பில் சொல்லப்பட்ட காரணங்களும் ஏறக்குறைய இவைதாம்.

மற்றொன்று, இத்தாலியின் துரின் நகரில் உள்ள பப்பிரஸ். அவ்வூர்த் தொழிலாளர்களுக்குக் கூலி தானியமாகவே கிடைத்தது. ஆளுக்கு மாதம் நான்கு 'கார்' கோதுமையும் ஒன்றரை 'கார்' வாற்கோதுமையும் கொடுப்பது வழக்கம். 'கார்' என்பது ஏறத்தாழ 76 லிட்டர் கொள்ளும் மூட்டை அளவு. நம் கார் நெல்லோடு அதற்கு உறவில்லை. அந்தக் கோதுமையோ, நம் கடைகளில் சம்பா கோதுமை என்று வழங்கும் இனத்தைச் சேர்ந்தது. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1157 வாக்கில், தானியம் வந்து சேரவில்லை. மாதத்தில் பதினெட்டு நாள் கழிந்துவிட்டது, பசிக்கிறது என்று சொல்லி, அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டிச் சென்று கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்துச் சான்றோடு நமக்குத் தெரிந்த வேலைநிறுத்தங்களில் இதுவே முதலாவது. கல் இழுத்த அந்த ஆறு பிள்ளைகளுக்கும் பொத்தான் வைத்திருந்தால் அவர்கள் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்; துட்டன்காமூனின் முகமூடி எடையைக் காட்டிலும் பெற்றோர் கூட்டம் இதை நின்று கேட்டிருக்கும்.

வாடகை உடையின் தேவையும் எனக்கு விளங்கவில்லை. எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் எழுத்தரும் உழவரும் தச்சரும் இடையில் உடுத்தியிருப்பது வெள்ளை ஆளித்துணி (லினன்). நம் வீடுகளில் இருக்கும் நாலு முழ வேட்டியே போதும். பப்பிரஸ் என்று பழுப்பு நிறச் சார்ட்டு அட்டையைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சிறிது தூரத்தில் பத்தமடை இருக்கிறது. அங்கே பாய் நெய்யும் கோரையும் நைல் கரைப் பப்பிரஸும் தாவரவியலில் சைபரஸ் என்ற ஒரே பேரினத்தின் பிள்ளைகள். பப்பிரஸ் தண்டின் உட்சதையைக் கீற்றுகளாகச் சீவி, நெடுக்காக ஓர் அடுக்கும் குறுக்காக ஓர் அடுக்குமாகப் பரப்பி, அழுத்தி உலர்த்தினால் தாள் ஆகிவிடும். கோரையில் எழுதத்தக்க தாள் வருமோ வராதோ, ஒரு கட்டுக் கோரையைக் கொடுத்துப் பிளக்கச் சொன்னால் அந்தத் தொழிலின் அருமை பிள்ளைகளின் விரல்களுக்குத் தெரிந்துவிடும். எகிப்தியர் நைலில் நீர் இறைத்த ஷாதூஃப் நம் துலாவேதான். ஒரு முனையில் வாளி, மறுமுனையில் களிமண் உருண்டை. தாத்தாமார் யாரையாவது கேட்டால் மூங்கிலில் கட்டித் தந்துவிடுவார்கள்.

அவர்கள் ஆண்டைப் பெருக்குக் காலம், பயிர்க் காலம், அறுவடைக் காலம் என்று நான்கு நான்கு மாதங்களாக மூன்றாகப் பிரித்தார்கள். காரும் பிசானமும் என்ற நெற்பருவங்களாக ஆற்றைப் பார்த்தே ஆண்டைக் கணக்கிட்ட தாமிரபரணிக் கரைப் பிள்ளைக்கு இதை விளக்க எவ்வளவு நேரம் ஆகும்? நைலில் உள்ள எலிபண்டைன் தீவின் படிக்கட்டில் வெள்ள அளவைக் குறித்து, அதைக் கொண்டு அவ்வாண்டு விளைச்சலையும் வரியையும் கணித்தார்கள் என்று சொன்னால், 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு வீட்டுச் சுவரில் விட்டுச் சென்ற கறையைப் பார்த்த பிள்ளைகள் அடுத்த கேள்வியைத் தாமே கேட்பார்கள்.

'மம்மி'யைப் பற்றி நீட்டப்போவதில்லை. மருந்துக்கடைக் கட்டுத்துணி சுற்றிய சிறுவன் புழுக்கம் தாளாமல் பாதியில் எழுந்து போய்விட்டான். ஆயினும் உடலைப் பதப்படுத்த எழுபது நாள், நேட்ரான் உப்பு, உள்ளுறுப்புகளுக்கு நான்கு சாடிகள் என்று அவ்வளவும் ஒப்பித்த பள்ளியில், ஆதிச்சநல்லூர் என்ற பெயரை நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அங்கே 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி பெர்லினுக்குக் கொண்டு போன பொருள்களும், 1899 தொடங்கி தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் இந்த ஆற்றங்கரையில் தாழியில் அடங்கியவர்களுடையவை. அருகிலுள்ள சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் ஆய்வில் கி.மு. 1155 என்று வந்ததாக 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. இவ்வகைக் கணிப்புகளில் சில பத்தாண்டுகள் முன்பின் இருக்கும் என்பதை மறக்காமல் சொல்கிறேன்: நைல் கரையில் தானியம் வரவில்லையென்று தொழிலாளர்கள் உட்கார்ந்த அதே தலைமுறையில், பொருநைக் கரையில் யாரோ இறந்தவருக்கு நெல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்திருக்கலாம்.

இதையெல்லாம் தலைமையாசிரியையிடம் சொன்னேன். அடுத்த ஆண்டு வாடகை உடை வேண்டாம் என்பதற்கு அவர் உடனே இசைந்தார். தெய்ர் எல்-மதீனாவை மட்டும் ஓர் ஊராக அமைத்து, அப்பம் சுடுபவர், எழுத்தர், கல்தச்சர், தேள் கொட்டியவர் என்று எல்லோருக்கும் பொத்தான் வைப்பது குறித்து ஆசிரியர்களோடு கலந்து சொல்வதாகக் கூறியிருக்கிறார். இதே திட்டத்தை நடத்தும் மற்றப் பள்ளிகளின் பார்வைக்காகவும் இதை எழுதுகிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். துரின் பப்பிரஸ் கதையை, கயிற்றின் முன்முனையில் நின்ற அந்தப் பிள்ளையிடம் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொன்னபோது, பக்கத்தில் பீடித் தட்டோடு இருந்த அவள் தாய், "அப்புறம் கூலி குடுத்தாங்களா?" என்று கேட்டார். கொடுத்தார்கள், மறுபடி தாமதித்தார்கள், தொழிலாளர்களும் மறுபடி உட்கார்ந்தார்கள் என்றேன். அந்தப் பிள்ளை, பேப்பரில் வந்த தன் படத்தைக் கத்தரித்து, கீழே இருந்த வரியை மட்டும் மடித்து ஒட்டி வைத்திருக்கிறாள். 'பிரமிடு கட்டிய தொழிலாளர்களாக மாணவ மாணவியர்' என்று திருத்தம் ஒன்றைத் தாங்கள் வெளியிட்டால், அவள் அதை மடிக்காமல் ஒட்டிக்கொள்வாள்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
சேரன்மகாதேவி.