அந்த டைமண்ட் 2

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் தேறி மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். மகன் தீபாவளிக்கு வந்து போனான். மழை இந்த முறை பரவாயில்லை, கிணற்றில் நாலு உறை தண்ணீர் நிற்கிறது.

மன்றத்தில் இப்போது யாரோடு ஜோடி சேர்ந்து பிரிட்ஜ் ஆடுகிறேன் என்று கேட்டிருந்தாய். வங்கியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், முப்பது வயதுக்குள்தான். அதிகம் பேசமாட்டான், நன்றாக எண்ணுவான். ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் ஆடுகிறோம். போன சனிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது. நீ சீட்டைத் தொட்டு வருடங்கள் ஆகிவிட்டதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எதிரணி நாலு ஸ்பேட் ஒப்பந்தம் ஆடுகிறது: ஸ்பேட் துருப்பு, பதிமூன்று ட்ரிக்கில் (ஆளுக்கொரு சீட்டுப் போடும் சுற்றில்) பத்தை அவர்கள் எடுக்க வேண்டும், நாங்கள் நாலு எடுத்தால் அவர்கள் தோற்பார்கள். ஏலம் சுருக்கமாக முடிந்தது: ஒரு ஸ்பேட், மூன்று ஸ்பேட், நாலு ஸ்பேட். லீட், அதாவது முதல் சீட்டு, என்னுடையது. டைமண்டில் என்னிடம் ஒரே ஒரு சீட்டு, 6. அதையே போட்டேன். டம்மி, அதாவது ஒப்பந்தம் ஆடும் எதிராளியின் ஜோடி மேஜையில் விரித்துவைக்கும் கை, இறங்கியது. டைமண்டில் ராணி, ஜாக்கி, 3. ஹார்ட்டில் ராஜா, 7. க்ளாவரில் ராணி, ஜாக்கி, 8, 4. மிச்சம் நாலும் துருப்பு. பையன் டைமண்ட் ஏஸால் எடுத்து, டைமண்டையே திருப்பிப் போட்டான். டைமண்ட் தீர்ந்த நான் துருப்பால் வெட்டினேன். இரண்டு ட்ரிக் எங்களுடையது, இன்னும் இரண்டு வேண்டும்.

அவன் திருப்பிப் போட்டது 2. வெட்டக் கொடுக்கும் சீட்டு சின்னதாக இருந்தால் க்ளாவரில் வா, பெரியதாக இருந்தால் ஹார்ட்டில் வா, நடுவாந்தரமாக இருந்தால் எதிலும் விசேஷமில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் லாவிந்தால் 1930-களில் எழுதிவைத்த அதே குறிப்புதான், நாம் மெக்கென்னி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே. அவன் கேட்டது க்ளாவர். என்னிடம் க்ளாவரில் ஏஸ், 9, 7, 5, 3. ஏஸை ஒளித்துவைத்துச் சின்னச் சீட்டைப் போட வேண்டும். அவன் ராஜாவால் எடுத்து இன்னொரு டைமண்ட் கொடுப்பான், நான் வெட்டுவேன், ஆட்டம் முடிந்தது.

நான் ஏஸை அடித்தேன். எதிராளி க்ளாவர் 2-ஐப் போட்டான். அடுத்த க்ளாவரைத் துருப்பால் வெட்டினான். அவனிடம் க்ளாவர் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. துருப்பை இழுத்து, மீதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். சரியாகப் பத்து ட்ரிக்.

அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது இதுதான்: பையனிடம் வேறு டைமண்ட் இல்லாமல் 2-ஐப் போட்டிருந்தால்? க்ளாவர் ராஜா எதிராளியிடம் ஒற்றையாக இருந்தால்? ஏஸை முதலில் எடுத்துவிட்டு, ராஜா பையனிடம் இருந்தால் அப்புறம் பார்த்துக்கொள்வோமே என்று தோன்றியது. பத்திரமான வழி போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து படுத்தபிறகு தூக்கம் வராமல் எண்ணிப் பார்த்தேன். டம்மியில் டைமண்ட் மூன்று, என்னிடம் ஒன்று. மீதி ஒன்பதும் பையனுக்கும் எதிராளிக்கும் இடையில். எதிராளி ஒரு ஸ்பேட் என்று தொடங்கியவன். அவனிடம் ஐந்து ஸ்பேடும் ஆறு டைமண்டும் இருந்திருந்தால் டைமண்டில் அல்லவா தொடங்கியிருப்பான்? ஆக அவனிடம் அதிகம் போனால் ஐந்து. பையனிடம் குறைந்தது நாலு. ஏஸ் போன பிறகும் குறைந்தது மூன்று சீட்டு அவன் கையில் இருந்தன. அந்த மூன்றில் பொறுக்கி எடுத்துத்தான் 2-ஐப் போட்டிருக்கிறான். கை தவறியோ வேறு வழியில்லாமலோ வந்த சீட்டே இல்லை அது.

டம்மி இறங்கியதும் கண்ணுக்குத் தெரியாத 26 சீட்டு இரண்டு கைகளில் 1 கோடியே 4 லட்சத்து 600 விதமாகப் பிரிந்திருக்கலாம். அத்தனையையும் யாரால் நினைத்துப் பார்க்க முடியும்? பார்ட்னர் போட்டது யோசித்துப் போட்ட சீட்டு என்று ஒப்புக்கொண்டால் பெரும்பகுதி அந்த இடத்திலேயே கழிந்துவிடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் எண்ணுவதற்கு ஆரம்பமே இல்லை. நம்பிக்கை என்பது கணக்கெல்லாம் போட்ட பிறகு வருகிற மனநிலை என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். கணக்கின் முதல் வரியே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. அன்று மாலை அதற்கு முன்பே ஒரு கை. நான் மூன்று நோ ட்ரம்ப், அதாவது துருப்பே இல்லாத ஒப்பந்தம், ஆடுகிறேன், க்ளாவர் ராணி யாரிடம் என்று தெரிய வேண்டும். இடதுபக்கக்காரர் முதல் சீட்டுப் போட்டவர், ஏலத்தில் முதல் வாய்ப்பிலேயே எதுவும் கேட்காமல் பாஸ் சொன்னவர். கொஞ்ச நேரத்தில் ஸ்பேட் ஏஸ், ராஜா, ஹார்ட் ஏஸ் மூன்றையும் காட்டிவிட்டார். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று எண்ணினால் அதிலேயே 11 புள்ளி. ராணியும் இருந்திருந்தால் 13, அத்தனை புள்ளியோடு பாஸ் சொல்லியிருக்க மாட்டார். யோசிக்கவே இல்லை, ராணியை வலதுபக்கக்காரரிடம் பிடித்தேன். முன்பின் ஆடாத ஒருவர் சொன்ன பாஸை அப்படியே நம்பினேன். ஆறு மாதமாக எதிரே உட்காரும் பையன் போட்ட சீட்டை நம்பவில்லை.

பெரிய போட்டிகளில் மேஜைக்குக் குறுக்கே திரை வைக்கிறார்களே, பார்ட்னர் முகமே தெரியாமல். 1975-இல் பெர்முடாவில் நடந்த பெர்முடா பௌல் உலகப் போட்டியில்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அங்கேயே இத்தாலிய ஜோடி ஒன்று மேஜைக்கு அடியில் காலால் சைகை செய்ததாகப் புகார் எழுந்து, அப்புறம் கீழேயும் தடுப்பு வந்தது. இந்தத் திரை எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சீட்டைத் தவிர வேறு பேச்சு கிடையாது, அந்தச் சீட்டின் அர்த்தம் எதிரணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஆண்கள் ஜோடியில் தங்கம் வாங்கியபோது ஒருவருக்கு 60, மற்றவருக்கு 56. அந்த வயதில் அத்தனை நாள் அலுக்காமல் எதிரே இருப்பவரின் சீட்டைப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பையன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "சார், அந்த 2-ஐப் பார்த்தீங்களா?" பார்த்தேன் என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த கையை எடுத்து அடுக்க ஆரம்பித்தான். அடுத்த கையிலும் அதே மாதிரி சுத்தமாகக் குறிப்புக் கொடுத்தான். அதை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது. நான் படிப்பேன் என்று அவன் இன்னும் நம்புகிறான்.

நேற்று அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு என் எண்ணிக்கையைச் சொன்னேன். அவன் பங்குக்கு, 2-க்குப் பதில் 5-ஐப் போட்டிருந்தால் குழப்பமாக இருந்திருக்குமா என்று கேட்டான். அரை மணி நேரம் பேசினோம்.

நீ பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். இரண்டு நாள் கூடுதலாகத் தங்கும்படி வா. அவனை வீட்டுக்கே வரச்சொல்கிறேன். நாலாவது ஆளுக்கு எதிர்வீட்டு வாத்தியார் இருக்கிறார். முதல் கைக்கு நீ பையனோடு உட்கார்.

உன் அன்பு நண்பன்