மருந்து வைப்பதற்கு முன் யானை லத்தியைப் பாருங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கால்நடை நோய் ஆய்வகத்தில் சாணப் பரிசோதனை பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். ஆடு, மாடு, கோயில் யானை எனப் பலவும் என் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வந்திருக்கின்றன. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கோவை மருதமலை அடிவாரத்தில் 2025 மே மாதம் ஒரு பெண் யானை குட்டி பக்கத்தில் நிற்க விழுந்து கிடந்தது. கிரேன் வைத்துத் தூக்கி நிறுத்தி, நாள் கணக்கில் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் கருப்பையில் ஓர் ஆண் கரு, வயிற்றில் பிளாஸ்டிக் குப்பை, கூடவே புழுக்கள். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு யோசனையும் சேர்ந்து வருகிறது: காட்டு யானைகளுக்கும் குடற்புழு மருந்து கொடுத்தால் என்ன? உப்புக்கட்டியில் கலக்கலாம், பலாப்பழத்தில் வைக்கலாம், தண்ணீர்த் தொட்டியில் ஊற்றலாம். நல்லெண்ணத்தில் சொல்கிறார்கள், சரி. ஆனால் துறை இதற்குச் செவிசாய்த்துவிடக் கூடாது என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

புழு இல்லாத காட்டு விலங்கு கிடையாது. யானையின் குடலில் உருளைப்புழு, கல்லீரலில் யானைக்கே உரிய தட்டைப்புழு, இரைப்பையில் ஒருவகை ஈயின் புழுக்கள் என்று குடித்தனமே நடக்கும். மனிதர்களையும் தாக்கும் நுரையீரல் தட்டைப்புழுவை 1878-இல் முதன்முதலில் கண்டெடுத்ததே ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் செத்துப்போன வங்கப் புலிகளின் நுரையீரலில்தான். நண்டைத் தின்றால் தொற்றும் புழு அது. எனவே "வயிற்றில் புழு இருந்தது" என்ற வரி பிரேதப் பரிசோதனை அறிக்கையில் எதையும் நிரூபிப்பதில்லை. எவ்வளவு இருந்தது, அந்தக் காட்டில் அந்தப் பருவத்தில் வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்பதுதான் கேள்வி. இரண்டாவது கேள்விக்கான பதில் ஒவ்வொரு வனக் கோட்டத்திலும் இருக்க வேண்டும்.

இதற்கு நம் மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. யானை ஆய்வாளர்கள் டி.என்.சி. வித்யாவும் ரா. சுகுமாரும் நீலகிரிப் பகுதியில், அடையாளம் கண்ட யானைகளின் புது லத்தியை (சாணத்தை) எடுத்து, கிராமுக்கு எத்தனை புழு முட்டை என்று எண்ணி 2002-இல் வெளியிட்டார்கள். ஈரம் இருந்தால் புழு பெருகும் என்றுதான் எங்களைப் போன்றவர்கள் படித்திருக்கிறோம். அவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. மழைக்காலத்தைவிடக் கோடையில்தான் முட்டை அதிகம். இலையுதிர் காட்டு யானைக்கும் முட்காட்டு யானைக்கும் இரண்டு பருவத்திலுமே வித்தியாசம் தென்படவில்லை. இன்னொன்று இன்னும் முக்கியம்: எலும்பு தெரிய மெலிந்த யானைக்குப் புழு அதிகம், கொழுத்த யானைக்குக் குறைவு என்ற கணக்கும் பொருந்தவில்லை. மெலிந்த யானையைப் பார்த்ததும் "புழு மருந்து வையுங்கள்" என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வை அவர் கையில் கொடுக்கலாம்.

கோடையில் ஏன் கூடுகிறது? என் ஊகத்தைச் சொல்கிறேன். கோடையில் தண்ணீர் இருக்கும் இடம் சுருங்குகிறது. எல்லா விலங்கும் அங்கேதான் வந்து நிற்கும், சாணி போடும். மசினகுடி, மாயாறு பக்கத்து வறண்ட தரையில் வெயிலில் கிடக்கும் சாணத்தில் புழுக்குஞ்சு ரொம்ப நாள் தாங்காது. ஆனால் துறை லாரி வைத்து நிரப்பும் தொட்டியைச் சுற்றி வழிந்த தண்ணீரில் நாலு முழத்துக்குப் பச்சைப்புல் முளைத்திருக்கும், பாருங்கள், அந்த இடத்தில் தாங்கும். கோடையில் மானும் காட்டெருமையும் முதலில் வாய் வைப்பது அந்தப் புல்லில்தான். பட்டியிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடும் அதே தொட்டிக்குத்தான் வருகிறது. தொட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. வழியாத மாதிரி கட்டுங்கள், சுற்றிலும் சரளை கொட்டுங்கள், இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றி நிரப்புங்கள்.

காட்டுக்குக் காடு கதை மாறும். தட்டைப்புழுவுக்கு நடுவில் நத்தை வேண்டும். நத்தைக்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும். அதனால் அந்தக் கவலை கூடலூர்ப் பக்கத்துச் சதுப்பு வயல்களுக்கானது, மாயாற்று முட்காட்டுக்கு அவ்வளவு இல்லை. கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளியிலேயே காட்டுக்குதிரையும் மேய்கிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒன்றின் புழு மற்றதற்குப் போகிறதா? ஆனைமலைத் துண்டுக் காடுகளில் சோலைமந்திகளின் (சிங்கவால் குரங்குகளின்) எச்சத்தை ஆராய்ந்து 2013-இல் வந்த ஆய்வு, மனிதக் குடியிருப்பும் கால்நடையும் நெருங்கிய இடங்களில் ஒட்டுண்ணிச் சுமை கூடுவதைக் காட்டியது. வால்பாறை புதுத்தோட்டத்து மந்திகள் வீட்டுக்கூரையில் நடந்து, அடுப்படிக் குப்பையைக் கிளறுவதை ஊரே பார்க்கிறது. அங்கே மந்திக்கு மாத்திரை கொடுப்பதா, மூடி போட்ட குப்பைத்தொட்டி வைப்பதா?

மருந்து விஷயத்தில் எனக்குத் தயக்கம் மட்டுமல்ல, பயமும் இருக்கிறது. முதுமலை தெப்பக்காட்டில் வளர்ப்பு யானை முகாம் இருக்கிறது; அங்கே யானையை எடைபோட்டு, பாகன் கவளத்தில் வைத்து ஊட்டலாம். சரியான அளவு உள்ளே போகும். காட்டில் வைத்த உப்புக்கட்டியை யார் எவ்வளவு நக்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்? குறைந்த அளவு மருந்து புழுவைக் கொல்லாது, பழக்கிவிடும். நீலகிரி ஆட்டுப் பண்ணைகளில் மருந்துக்கு மசியாத இரத்தம் உறிஞ்சும் புழு வந்து பல காலம் ஆகிவிட்டது. அதைக் காட்டுக்கும் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம் சாணவண்டு. ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து போட்ட மாட்டின் சாணத்தில் மருந்து பெரும்பாலும் அப்படியே வெளியே வருகிறது; அது வண்டின் குஞ்சுகளைக் கொல்கிறது. சாணத்தை உருட்டி, புதைத்து, காயவைத்து, புழு முட்டைகளைச் சம்பளமில்லாமல் அழிக்கிற உயிரே அந்த வண்டுதான். மாட்டுக்கு வலி போக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் பிணம்தின்னிக் கழுகுகளை முடித்துவிட்டதை நாம் பார்த்தாகிவிட்டது. 2006-இல் தடை வந்தபோது பெரும்பகுதி கழுகு போயிருந்தது. மிச்சம் இருப்பதில் ஒரு கூட்டம் உங்கள் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் கூடு கட்டுகிறது.

இனி, செய்யக்கூடியது.

ஆண்டுதோறும் மே மாதம் யானைக் கணக்கெடுப்பு நடத்துகிறீர்கள். 2024 கணக்கில் 3,063 யானைகள் என்று அறிவித்தீர்கள். முதல் நாள் நேரடியாக எண்ணுகிறார்கள், இரண்டாம் நாள் நேர்கோட்டில் நடந்து லத்திக் குவியல்களை எண்ணுகிறார்கள், மூன்றாம் நாள் நீர்நிலையில் காத்திருந்து வரும் யானையின் ஆண், பெண், வயதைக் குறிக்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்த மூன்றாம் நாள். யானை போனதும் ஆவி பறக்கக் கிடக்கும் லத்தியில் ஒரு சிட்டிகை எடுத்து, கெடாமல் வைக்கப் பத்து சதவீத ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் போட்டு, வயதையும் இடத்தையும் எழுதிவிட்டால் போதும். ஒரு குவியலுக்குள் முட்டை சீராகப் பரவியிருக்கிறது என்று அதே 2002 ஆய்வு சொல்கிறது. எங்கே கிள்ளினாலும் ஒன்றுதான். பழைய லத்தி வேண்டாம்; ஓரிரு நாளில் முட்டை பொரிந்து குஞ்சாகிவிடும், எண்ணிக்கை பொய்யாகும். ஒரே யானை ஒரே நாளில் போட்ட இரண்டு லத்தியிலேயே எண்ணிக்கை மாறுவதால், ஒரு டப்பாவை வைத்து ஒரு யானைக்குத் தீர்ப்பு எழுதவும் கூடாது. மொத்தமாகப் பார்க்கத்தான் இது.

ஆய்வகச் செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். 3 கிராம் சாணம், 42 மில்லி தண்ணீர், டீ வடிகட்டி, செறிவான உப்புக் கரைசல். உருளைப்புழு முட்டை உப்பில் மிதந்து மேலே வரும். முட்டை எண்ணுவதற்கென்றே கட்டம் போட்ட மெக்மாஸ்டர் சிலைடின் இரண்டு அறையிலும் எண்ணி 50-ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை என்று வந்துவிடும். மெல்லிய ஓட்டுக்குள் திராட்சைக் கொத்து மாதிரி செல்கள் தெரியும். ஒரு வாரம் பழக்கினால் வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பிகளே பார்த்துவிடுவார்கள். தட்டைப்புழு முட்டை மட்டும் கனம், மிதக்காது. அதைத் தண்ணீரில் படியவைத்து அடியில் தேட வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் வண்டலூர் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனமும் கையருகே இருக்கின்றன. புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. மே மாதம் ஒருமுறை, மழை முடிந்து டிசம்பரில் ஒருமுறை. ஐந்து ஆண்டு சேர்ந்தால் முட்காடு, இலையுதிர் காடு, சோலை என்று தனித்தனியாக வழக்கமான அளவு கையில் இருக்கும்.

மருந்துக்கு ஒதுக்க நினைக்கும் பணத்தை எல்லைக் கிராமங்களுக்குத் திருப்பிவிடுங்கள். புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மாடு மேய்க்க உயர்நீதிமன்றம் 2022-இல் தடை போட்டது. உத்தரவு வந்ததே தவிர மாடு எங்கே போகும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் இன்றும் ஓரங்களில் மேய்கிறது. அந்த மாடுகளுக்கும் ஊர் நாய்களுக்கும் கால்நடைப் பராமரிப்புத் துறையோடு சேர்ந்து, சாணம் பார்த்து, தேவைப்பட்டதற்கு மட்டும், வண்டைக் கொல்லாத மருந்தாகப் பார்த்துக் கொடுக்கலாம். செந்நாய்க்கு நாட்டு நாயிடமிருந்து போகும் புழுக்களை அங்கேதான் நிறுத்த முடியும்.

கடைசியாக ஒன்று. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் "புழுக்கள் காணப்பட்டன" என்பதோடு நிறுத்தாமல், எந்த உறுப்பில், எந்த வகை, எத்தனை என்று எழுதவும், மாதிரியைப் பாதுகாத்து வைக்கவும் மருத்துவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அடுத்த மே கணக்கெடுப்புக்கான பயிற்சி வகுப்பில் டப்பாவையும் சேர்த்துவிட்டால், முதல் தொகுதியை எண்ணித் தர நானே வருகிறேன், பயணப்படி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்,
நீலகிரி மாவட்டம்.