செயலாளரின் ஆண்டறிக்கை: வாசகசாலைச் சங்கம், கோழிஞ்சாம்பாறை வட்டாரம் (கேரளம், பாலக்காடு மாவட்டம்)

தலைவர் அவர்களுக்கும், இந்த வெயிலிலும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூன் 19 வாசிப்பு தினம் நடந்தது. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் போட்டிகள் வைத்தோம். கயிறு இழுத்ததில் கயிறே அறுந்துவிட்டது, புதுசு வாங்கியாயிற்று. கூரை ஒழுகல் இன்னும் சரியாகவில்லை. மழை பெய்தால்தானே என்று ஒத்திப்போட்டதில் என் பங்கும் உண்டு.

விரிவாகச் சொல்லவேண்டியது பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்த விஷயம். ‘உலகச் சவால்களைப் படிக்கும் ஸ்கூல்’ என்று கடிதத்தில் பார்த்ததும் பொருளாளர் இரண்டு பாக்கெட் மிட்டாய் வாங்கிவிட்டார். வந்தவர்கள் எம்.ஏ. படிக்கிறவர்கள். பல துறைகள் சேர்ந்த பிரிவுக்கு அங்கே ஸ்கூல் என்று பேராம். மிட்டாய் வீணாகவில்லை.

அவர்கள் இங்கே ஆய்வு செய்வதற்குக் கமிட்டியில் எதிர்ப்பு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில், குளிர்பான ஆலைக்கு எதிராக 2002-இல் பழங்குடிப் பெண் மயிலம்மா முதலானோர் பந்தலில் உட்கார்ந்த நாளிலிருந்து எத்தனை பேர் நோட்டுப்புத்தகத்தோடு வந்து போனார்கள்! 2004 ஜனவரியில் உலகத் தண்ணீர் மாநாடே அங்கே நடந்தது. மார்ச்சில் ஆலை நின்றது. வந்தவர்கள் எழுதியதில் ஒரு பிரதிகூட நம் அலமாரிக்கு வரவில்லை. “மறுபடியும் நம்மள வெச்சுப் பரீட்சை எழுதப் போறாங்களா?” என்று ஓர் அக்கா கேட்டது நியாயம்தான்.

அதனால் கேள்விகளை நாமும் சேர்ந்து போடுவோம், முடிவைத் தமிழில் இங்கே வந்து வாசிக்க வேண்டும் என்று சொன்னோம். கூட வந்த பேராசிரியை உடனே சம்மதித்தார். 1990-களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டம் கல்யாசேரியில் மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் விஞ்ஞானிகளும் ஊர்க்காரர்களை வைத்தே வளங்களை வரைபடமாக்கியதை அவரே எடுத்துச் சொன்னார். 1996-இல், ஊர்மக்களே திட்டம் போடும் மக்கள் திட்டம் வந்தபோது அந்த அனுபவம் கைகொடுத்தது.

முதல் நாள் சரிப்படவில்லை. கேரளத்தில் சராசரி 3000 மில்லிமீட்டர் மழை என்று படித்துவிட்டுக் குடையோடு வந்திருந்தார்கள். மழை குறைந்த, பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பக்கமான இங்கே அது வெயிலுக்குத்தான் உதவியது. பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தோம். பெண்கள் எல்லாரும் தொழிலுறுதி (நூறு நாள்) வேலைக்குப் போயிருந்தார்கள், அது என் பிழை. ‘பருவநிலை மாற்றம் உங்களை எப்படிப் பாதிக்கிறது?’ என்று கேட்டதற்கு, இருந்தவர்கள், “ஆமாங்க, வெயில் ஜாஸ்திதான்” என்றதோடு சரி.

மறுநாள் சாயங்காலம், கிணற்றடியில், ஒரு பெரியவர் கேள்வியையே மாற்றினார்: “எந்த வருசம் மோட்டாரை எத்தனை படி கீழே எறக்குனீங்கன்னு கேளுங்க தம்பி.” அவ்வளவுதான், பேச்சு நிற்கவில்லை. மகள் கல்யாணத்தன்று கிணறு வற்றியது, போர்வெல் போட நகையை அடகு வைத்தது, கடலைக்காடு தென்னந்தோப்பானது எல்லாம் வந்தது. பெண்கள் லாரித் தண்ணிக்குக் காத்திருந்த மணிக்கணக்கைச் சொன்னார்கள். அந்தக் கணக்கு எந்தப் படிவத்திலும் இல்லை.

அப்புறம் ஆற்றுத் தண்ணீர். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையிலுள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நமக்கு வர வேண்டும். மூலத்தறையிலிருந்து வரும் வாய்க்கால் கடைமடைக்காரர் வாயைக் கேட்டால் வேறு கதை. பிள்ளைகளை எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் என் மச்சான் தோப்புக்கும் கூட்டிப்போனேன். அவர் கேரளத்துக்குத் தண்ணீர் போவதைக் குறைசொன்னார், நான் வராததைச் சொன்னேன், அத்தை இருவருக்கும் மோர் கொடுத்தாள். அவர்கள் ஏட்டில் அது ‘எல்லை கடந்த நீர்ப் பகிர்வு’. எங்களுக்குள் அது மாமன் மச்சான் சண்டை. அந்தப் பிள்ளைகள் இரண்டையும் எழுதிக்கொண்டதைப் பார்த்தபிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அவர்களின் ஆய்வறிக்கை வரைவு ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் வந்திருக்கிறது. தமிழ்ப்படி வரவில்லை. நம் வாசகசாலைக்கு வரும் பிளஸ் டூ மாணவிகள் இருவர் மொழிபெயர்க்க உட்கார்ந்து, ‘ரெசிலியன்ஸ்’ என்ற சொல்லிலேயே இரண்டு நாள் நின்றார்கள். அவர்களில் ஒருத்தியின் பாட்டி ‘தாக்குப்பிடிக்கிறது’ என்று முடித்துவைத்தார்.

தமிழ்ப்படியை இங்கே வந்து வாசிக்கும்படி பல்கலைக்கழகத்துக்கு இரண்டாம் கடிதம் எழுத இந்தப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு என்று அதிலேயே எழுதிவிடுகிறேன். இனி, மிட்டாய்ச் செலவு உட்பட, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.