அடிபட்ட ஆலைகள் வாய் திறக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தி நடக்கும் இணைய மோசடிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹாங்காங்கில் அரூப் நிறுவன ஊழியர் ஒருவரை, மேலதிகாரிகளின் முகமும் குரலும் கொண்ட போலி வீடியோ கூட்டத்தில் உட்காரவைத்து 20 கோடி ஹாங்காங் டாலர் பறித்ததை விரிவாக எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ஸ்பின்னிங் மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் நெட்வொர்க் வேலை பார்க்கும் எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இங்கே அடிபட்டவர்கள் யாரும் அதை வெளியே சொல்வதில்லை.

இந்தப் பக்கம் அதிகம் நடப்பது ரேன்சம்வேர், அதாவது கணினியில் உள்ள ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்பது. கணக்கு டேலி என்ற மென்பொருளில், டேலி ஒரு சர்வரில். ஆடிட்டர் தன் ஆபீஸிலிருந்தும் அக்கவுண்டன்ட் வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்து விட்டிருப்பார்கள். பாஸ்வேர்டு, கம்பெனி பெயரோடு ஒரு வருடத்தின் எண், அவ்வளவுதான். இப்படித் திறந்து கிடக்கும் கணினிகளைத் தேடிப் பிடித்து, பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே நுழைந்தவர்கள் உடனே எதையும் பூட்டுவதில்லை. சில நாள் சத்தமில்லாமல் இருந்து, பேக்கப் எங்கே போகிறது என்று பார்த்து, முதலில் அதைக் கெடுப்பார்கள். அப்புறம், சனிக்கிழமை சம்பளம் போட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மற்றதைப் பூட்டுவார்கள்.

அப்படி ஒரு மில்லுக்குத் திங்கட்கிழமை காலை போயிருந்தேன். நூல் ஏற்றிய லாரி, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் போட முடியாமல் கேட்டில் நின்றது. பேக்கப் எடுக்கும் ஹார்டு டிஸ்க் சர்வரின் பின்பக்கம் செருகியபடியே இருந்தது. சர்வரில் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் என்ன வால் ஒட்டியிருந்ததோ, அதே வால் டிஸ்கில் இருந்த ஃபைல்களிலும். அவையும் பூட்டப்பட்டுவிட்டன. "தினமும் பேக்கப் எடுத்தோமே சார்" என்று அக்கவுண்டன்ட் திரும்பத் திரும்பச் சொன்னார். எடுத்தது உண்மைதான், எடுத்து முடித்ததும் கழற்றி வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதலாளி என்னிடம் முதலில் கேட்டுக்கொண்டது, விஷயம் வெளியே போகக் கூடாது என்பதைத்தான். அவருக்கு சர்வர் போட்டுக்கொடுத்த அதே ஆள், அதே மாதிரி அந்தச் சாலையில் இன்னும் சில மில்களுக்கும் போட்டுக்கொடுத்திருந்தார். அவர்களில் ஒருவருக்கும் ஒரு போன் கூடப் போகவில்லை. என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான்.

மறைப்பதற்கான காரணம் எனக்குப் புரிகிறது. வெளிநாட்டு பையர் ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார், பேங்க்கில் கடன் லிமிட் கேட்கும்போது கேள்வி வரும் என்ற பயம். ஆனால் சட்டம் வேறு சொல்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். நான் பழகும் முதலாளிகளில் பெரும்பாலோர் இப்படி ஓர் உத்தரவு இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

வெளியே சொல்வதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு கும்பகோணத்தைக் காட்டுகிறேன். 2018 பிப்ரவரியில், அங்கே தலைமையகம் உள்ள சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் அனுப்பும் உத்தரவுகள் போகும் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள், துபாய், துருக்கி, சீனா என்று மூன்று இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் டாலரை அனுப்பினார்கள். அன்று மாலை செய்த இன்னொரு காரியம், ஸ்விஃப்ட்டோடு இணைந்த பிரிண்டரை முடக்கியது. அனுப்பிய பணத்துக்கான ஒப்புதல் தாள் வந்து விழுந்தால்தானே சந்தேகம் வரும்! மறுநாள் கணக்கைச் சரிபார்த்தபோதுதான் வங்கிக்குத் தெரிந்தது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது. வங்கி இதை மூடி வைக்கவில்லை, அந்த மாதமே பொதுவில் அறிவித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் களவு போனபோதும் இதே போலப் பிரிண்டர்தான் நின்றுபோயிருந்தது. இரண்டு இடத்திலும் நடந்தது வெளியே தெரிந்ததால், பிரிண்டர் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று மற்ற வங்கிக்காரர்கள் தெரிந்துகொள்ள முடிந்தது. கும்பகோணத்து வங்கி சொல்லியிருக்காவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

டெல்லி எய்ம்ஸும் அப்படித்தான். 2022 நவம்பர் 23 அன்று தாக்கப்பட்டபோது நாள்கணக்கில் நோயாளிச் சீட்டுகளைக் கையால் எழுதினார்கள். 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டதையும் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதையும், நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரிக்காததே காரணம் என்பதையும் அரசு நாடாளுமன்றத்திலேயே சொன்னது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் தரவை மீட்டார்கள். அந்த பதிலைப் படித்துவிட்டு எங்கள் ஊர் மில்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. சிசிடிவி, விருந்தினர் வைஃபை, தறி மெஷின், சம்பளக் கணக்கு எல்லாம் ஒரே நெட்வொர்க் சுவிட்சில். கேமரா பாஸ்வேர்டு தெரிந்தவன் கணக்கு சர்வரின் கதவு வரை வந்துவிடலாம்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் தலைவலி, காவலுக்கு வைத்த பெட்டியே வழியாகிவிடுவது. வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வால், வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வர வைத்திருக்கும் விபிஎன் ஆகிய கருவிகளில் உள்ள ஓட்டைகளைத்தான் இப்போது முதலில் தேடுகிறார்கள். 2024 ஜனவரி கடைசியில், இவான்டி நிறுவனத்தின் விபிஎன் கருவிகளை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிடும்படி அமெரிக்க அரசுத் துறைகளுக்கு உத்தரவே போட்டார்கள். இங்கே லட்ச ரூபாய் கொடுத்து ஃபயர்வால் வாங்கியவர்கள், அடுத்த வருடம் லைசன்ஸ் புதுப்பிக்கக் காசு போகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். முன்னால் பச்சை விளக்கு எரிகிறது, அப்டேட் நின்று எத்தனையோ மாதம் ஆகியிருக்கும்.

என் கோரிக்கை பெரிதல்ல. ஜவுளித் தொழில் சங்கங்கள், தாக்கப்பட்ட உறுப்பினர் பெயர் வெளிவராமல் விவரத்தைக் கொடுக்க ஒருவரையாவது நியமிக்கட்டும். எந்த வழியாக வந்தார்கள், எந்தக் கருவி, என்ன பாஸ்வேர்டு பழக்கம் என்பது மட்டும் மற்ற உறுப்பினர்களுக்கு அன்றைக்கே போகட்டும். மாவட்டத் தொழில் மையம் கடன் மேளா நடத்துவது போல இதற்கும் ஒரு நாள் ஒதுக்கி, செர்ட்-இன்னுக்கு எப்படி எழுதுவது, பணம் போயிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு ஏன் முதல் மணி நேரத்திலேயே பேச வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லித்தரட்டும்.

தாங்களும் ஒன்று செய்யலாம். கம்பெனி பெயர் போடாமல், நடந்ததை மட்டும் வெளியிட மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே சொன்ன மில் முதலாளியிடம் பேசினேன். முதலில் மறுத்தவர், ஊரும் பெயரும் வராது என்றால் முழுவதையும் எழுதித்தரச் சம்மதித்திருக்கிறார். தாங்கள் சரி என்றால் வாங்கி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
அவிநாசி.