மணல் கொட்டியவர் முதல் மைக் மாட்டியவர் வரை: தமிழ் மொழிக் கழகத்தின் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பினாங்குத் தீவிலுள்ள எங்கள் இடைநிலைப்பள்ளியின் தமிழ் மொழிக் கழகம் நடத்திய பொங்கல் கலைவிழாவுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி. மேடையில் நன்றியுரை சொன்னவருக்கு இரண்டு நிமிடம்தான் கொடுத்தோம். அதில் ஆள் பேர்கூட முழுதாக அடங்கவில்லை. யார் என்ன செய்தார்கள், அது ஏன் தேவைப்பட்டது என்பதை இங்கே எழுதி வைத்தால் புதிய செயலவைக்கும் பயன்படும், பக்கத்துப் பள்ளிக் கழகங்களுக்கும் பயன்படும்.

முதல் நன்றி, லோரியில் மணல் கொண்டுவந்து கொட்டிய பெற்றோருக்கு. பொங்கல் அடுப்புகளை வைத்த சபைகூடல் திடல் சிமெண்டுத் தரை. வெறும் சிமெண்டில் மூன்று செங்கல்லை வைத்து விறகு மூட்டினால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தரையைப் பிளந்துகொண்டு வரும். சில்லு தெறித்துப் பிள்ளைகள் காலைப் பதம் பார்க்கும். புல்திடலுக்குப் போகலாமென்றால், கருகிய வட்டங்களுக்குக் காற்பந்துக் குழுவிடம் யார் பதில் சொல்வது? அதனால் ஓர் அடுப்புக்கு 3 அடிச் சதுரத் தகரம், அதன்மேல் 3 அங்குல உயரத்துக்கு மணல், அதன்மேல் செங்கல். 10 அடுப்புக்கு ஏறக்குறைய ஒரு டன் மணல் ஆகும். கொட்டியதோடு நிற்காமல், மறுநாள் சாம்பலை வேறாகவும் மணலை வேறாகவும் அள்ளி மூட்டை கட்டியவர்களும் அவர்கள்தான். காய்ந்த ரப்பர் மரக் கட்டையை ஒரே நீளத்துக்கு வெட்டித் தந்தவருக்கும் தனி வணக்கம். ஈரக் கட்டை வந்திருந்தால் கோலப் போட்டி நடுவர்கள் உட்பட எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றிருப்பார்கள்.

அடுத்து, மண்பானைகளைப் பழக்கித் தந்த அம்மாக்கள். கடையிலிருந்து வந்த புதுப் பானையை அப்படியே தீயில் ஏற்றினால் அடி விரிசல் விடும். இவர்கள் ஒவ்வொரு பானையையும் இரவு முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, அரிசி களைந்த கழுநீரை ஊற்றி, சிறு தீயில் ஒருமுறை கொதிக்கவிட்டு ஆறவைத்துத்தான் அனுப்பினார்கள். ஒரு பானைகூட ஒழுகவில்லை.

பொங்கல் அளவும் அவர்கள் சொன்னதுதான். 5 லிட்டர் பானைக்குப் பச்சரிசி அரைக் கிலோ, வறுத்த பாசிப்பருப்பு 125 கிராம், வெல்லம் 600 கிராம், பால் அரை லிட்டர். பால் கலந்த தண்ணீரைக் கழுத்து வரை ஊற்றிப் பொங்கவிட வேண்டும். பொங்கி வழிந்ததும், பானையில் 3 லிட்டர் அளவு நிற்கும்படி மீதியை முகந்து வேறு பாத்திரத்தில் மூடி வைக்க வேண்டும். பிறகுதான் அரிசியும் பருப்பும். முகந்து வைத்ததைக் கொட்டிவிடக் கூடாது, அதில்தான் சூட்சுமம். பொங்கல் இறுகும்போது பிள்ளைகள் போத்தலில் இருக்கும் பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள், சூட்டில் இருக்கும் பானை பட்டென்று விரிசல் விடும். அந்த இடத்தில் இந்தச் சுடுபால் தண்ணீர் கைகொடுக்கும். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து மண் போக வடிகட்ட வேண்டும். அரிசி விரலுக்கிடையில் மசிந்த பிறகே அதை ஊற்ற வேண்டும். முந்திக்கொண்டு ஊற்றினால் அதற்குமேல் எவ்வளவு விறகு எரித்தாலும் அரிசி முரட்டுத்தனமாகவே நிற்கும். பாலை அரை லிட்டரோடு நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. பால் அதிகமாக இருந்தால் வெல்லம் விழுந்ததும் திரிந்துவிடும்.

கேண்டீன் நடத்தும் மலாய் அம்மா, எங்கள் மாக்சிக்குக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். தண்ணீர்க் குழாயையும் பெரிய அண்டாவையும் விட்டுக்கொடுத்தார். நெய், முந்திரிப் பொட்டலங்களில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று கடைக்குப் போகும்முன்பே எங்களுக்கு நினைவூட்டியவரும் அவர்தான். அதனால்தான் மலாய் மாணவர்களும் வரிசையில் நின்று தயங்காமல் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கோலத்துக்கு வருவோம். லிட்டில் இந்தியா மளிகைக் கடைக்காரர் 20 கிலோ குருணையை அடக்க விலைக்கே கொடுத்தார். 12 அடி விட்டமுள்ள வண்ண அரிசிக் கோலத்துக்கு அது சரியாக இருந்தது. சாயத்தைக் குறைந்த தண்ணீரில் கரைக்க வேண்டும். கிலோவுக்கு ஒரு சிறு கிண்ணம்கூடத் தேவையில்லை. தண்ணீர் கூடினால் குருணை ஊறி, கட்டி கட்டியாகி, மறுநாள் புளித்த வாடை வரும். நிழலில் உலர்த்தினால் நிறம் வெளுக்காது. மண்டபத்து ஓடுகளில் சாயம் ஏறாதபடி கீழே விரிக்க வினைல் சுருள் இரவல் தந்தவருக்கும், நடுவில் ஆணிக்குப் பதில் ஒரு பிள்ளையின் விரலை வைத்து நூல் கட்டிச் சாக்குக்கட்டியால் வட்டங்கள் போட்டுக் கொடுத்த சீன ஓவிய ஆசிரியைக்கும் நன்றி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நிரப்பிக்கொண்டு வரவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதை மீறினால் நிரப்பிய இடத்தின்மேலேயே கை ஊன்ற வேண்டிவரும். மண்டபத்து விசிறிச் சுவிட்சுகளைக் கட்டுப்போட்டு ஒட்டி, அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்த பள்ளிக் காவலாளி ஜாகாவை மறக்க முடியுமா? ஒரே ஒரு சுவிட்சு போதும், பச்சையும் சிவப்பும் ஒன்றாகிவிடும்.

நாடகத்துக்கு ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் முன்னாள் மாணவர். ஸ்பீக்கர்களை நடிகர்களுக்குப் பின்னால் வைக்கும் பழைய வழக்கத்தை மாற்றி, மேடை விளிம்புக்கு முன்னே நகர்த்தினார். ஊளைச் சத்தம் அதோடு நின்றது. சட்டையில் மாட்டும் மைக் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அலைவரிசை வைத்தார். ராணி வேடத்துப் பெண்ணின் ஆரம் மைக்கில் உரசிக் கரகரவென்று கேட்டதால், மைக்கைக் கன்னத்தோரம் மருத்துவ டேப்பால் ஒட்டிவிட்டார். இடைவேளையில் எல்லாவற்றிலும் புது பேட்டரி. பாதித் தேய்ந்த பேட்டரியை நம்பி இரண்டாம் பாதியை ஓட்டுவது வீண் துணிச்சல்.

கண்காட்சிப் பலகைகளை எழுதிய படிவம் 4 மாணவர்களுக்கும் பாராட்டு. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், மலாய்வழி நடக்கும் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் பலகை முன் நின்ற பெற்றோர் கூட்டம்தான் எங்களுக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி.

கடைசியாக, கழகம், விளையாட்டு போன்ற புறப்பாட நடவடிக்கைகளைக் கவனிக்கும் பொறுப்பாசிரியர். வருகைப் பதிவைக் கூட்டம் முடிந்த அன்றே ஏற்றிவிடுவார். சான்றிதழில் வெறுமனே ‘பங்கேற்றார்’ என்று அச்சடிக்கக் கொண்டுபோனதைத் திருப்பி அனுப்பி, மாணவர் வகித்த பொறுப்பும் நிகழ்ச்சி பள்ளி நிலையா மாவட்ட நிலையா என்பதும் இருக்கவேண்டும் என்றார். அரசுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. பொறுப்பும் நிலையும் இல்லாத தாளைக் காட்டி அந்தப் புள்ளிகளைக் கேட்க முடியாது.

இரவல் வந்த அண்டாக்களும் இரண்டு பித்தளை அகப்பைகளும் துலக்கிக் கழக அறையில் உள்ளன. கொடுத்தவர்கள் பள்ளி அலுவலகத்தில் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். வண்ணக் குருணையில் கலக்காமல் மிஞ்சியது காற்றுப்புகாத வாளிகளில் இருக்கிறது. கோலம் போட நினைக்கும் எந்தப் பள்ளிக்கும் இலவசமாகத் தருகிறோம். சாயம் ஏறியது, ஆகவே சமையலுக்கு ஆகாது.

இப்படிக்கு,
தமிழ் மொழிக் கழகச் செயலவையும் பொறுப்பாசிரியர்களும்