குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு விழாவும் விளையாட்டுப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டது. செயற்குழு மாதந்தோறும் கூடியது. எப்போதும் வருபவர்களே வந்தார்கள்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, வீடுகளிலும் மாடிப்படியிலும் பழைய பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி.க்கு மாறியதுதான். "வீட்டு பல்பெல்லாம் சங்கத்தின் வேலையா?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். கணக்கைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 800 லூமன் வெளிச்சம் தருகிறது. அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.இ.டி. போதும். தினமும் 5 மணி நேரம் எரிந்தால், குண்டு பல்பு ஆண்டுக்குச் சுமார் 110 யூனிட் இழுக்கும், எல்.இ.டி. 17 யூனிட்டுக்குள் முடித்துவிடும். குண்டு பல்புக்குப் போகும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சூடாகவே வீணாகிறது.

மாற்றிய பிறகு வந்த புகார்களை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தோம். படுக்கையறையில் கண் கூசுகிறது என்றவர்கள் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை பல்பைப் போட்டிருந்தார்கள். 2700 கெல்வின் மஞ்சள் ஒளிக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. காற்றுப் போகாத கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டிய பல்புகள் சீக்கிரமே போயின. உள்ளிருக்கும் மின்சுற்று சூடு தாங்காது. ஒரு வீட்டில் சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தால், சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிக்குப் பதிலாக, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் இருக்கிறது! அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும் ஆபத்து அது. இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது, இந்தத் திட்டத்தால்தான் வெளியே வந்தது.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். வளைந்த குழல் போன்ற பழைய சி.எஃப்.எல். பல்புகளைப் போடத் தனிப் பெட்டி வைத்தோம். அப்படியும் உடைந்த பல்புகளை ஒரு பையில் கட்டி மாடிப்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. குழந்தைகள் ஓடும் இடம் அது. வீட்டில் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே இருங்கள். துடைப்பம் வேண்டாம், கெட்டி அட்டையால் அள்ளி, ஈரத்துணியால் துடையுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில் கையைக் கடிக்கவில்லை. ஆனால் மாடிப்படி விளக்குகளுக்கான செலவு, சந்தா கட்டியவர்களின் பணம். பாக்கி வைத்திருப்பவர்களும் அந்த வெளிச்சத்தில்தான் படியேறுகிறார்கள். பெயர்களை வாசிக்கப் போவதில்லை.

தலைவருக்கும், தணிக்கையாளருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த எலக்ட்ரீஷியனுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வண்டி நிறுத்துமிடத்து ட்யூப் லைட்டுகளை மாற்ற வேண்டும். 36 வாட் ட்யூப் பழைய சோக்கோடு சேர்ந்து 45 வாட் வரை இழுக்கிறது. 20 வாட் எல்.இ.டி. ட்யூப் அங்கே தாராளம். ஏணி பிடிக்க ஆள் வேண்டும், ட்யூப் வாங்கப் பணம் வேண்டும். இரண்டும் இல்லாமல் இந்த வேலையைச் செயலாளர் ஒருவரே இழுத்துக்கொண்டு போக முடியாது. ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் இன்று வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். கிளம்பும் முன் அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்