கின்சா மாடிப்படியில் ஏறும் பெண்ணுக்காக ஒரு திறந்த மடல்

டோஹோ திரைப்பட நிறுவனத்தாருக்கும், பழைய ஜப்பானியப் படங்களை டிஸ்க்காக வெளியிடும் எல்லாருக்கும்,

வணக்கம்.

ஜப்பானிய இயக்குநர் மிக்கியோ நருசே 1960-இல் எடுத்த ‘ஒரு பெண் படியேறும்போது’ படத்தைப் பற்றி எழுதுகிறேன். இனிமேல் இந்தப் படத்தை யார், எந்த நாட்டில் வெளியிட்டாலும் ஒரே ஒரு விஷயத்தை மறக்காமல் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இது இரவு வாழ்க்கையின் கவர்ச்சியைக் காட்டும் படம் இல்லை. ஒரு பெண் பார்க்கும் வேலையைப் பற்றிய படம். வாடகை, பாக்கி, வசூல், கடன், உடம்புக்கு வரும் நோவு என்று படம் முழுக்க அந்த வேலைதான். அட்டைப்படம் முதல் சப்டைட்டில் வரை எல்லாம் இதை மனதில் வைத்து அமைய வேண்டும்.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவின் கின்சா பகுதியில், மாடியில் இருக்கும் ஒரு பாரை நடத்துகிறாள் கெய்கோ. கணவனை இழந்தவள், முப்பது வயது. பார் அவளுடையது இல்லை, முதலாளி வேறு. வரும்படி குறைந்தால் மட்டும் கேள்வி இவளுக்கு வரும். முன்பு இவளிடம் வேலை பார்த்த யூரி தனியாக பார் திறந்துவிட்டாள், பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அங்கே போய்விட்டார், அதற்கும் இவள்தான் பதில் சொல்ல வேண்டும். நல்ல வீடு, நல்ல கிமோனோ, வாசனைத் திரவியம் எல்லாம் தொழிலுக்கு வேண்டியவை. வசதியாகத் தெரியாத பெண்ணைத் தேடி வசதியானவர்கள் வரமாட்டார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கோ அது ஆடம்பரம். அப்படிச் சொல்லிக்கொண்டே அவர்களும் இவளிடம்தான் கை நீட்டுகிறார்கள்: சகோதரனுக்கு வக்கீல் செலவு, அவன் மகனின் போலியோ பாதித்த காலுக்கு அறுவைச் சிகிச்சை.

நடுநடுவே கெய்கோவின் குரல் பின்னணியில் பேசும். நள்ளிரவில் பார் பெண்கள் வீடு திரும்புவதை அது ஓரிடத்தில் சொல்கிறது. முதல் தரத்தவர்கள் காரில், அடுத்தவர்கள் ரயிலில், அதற்கும் கீழே இருப்பவர்கள் வாடிக்கையாளரோடு. அவ்வளவுதான், காட்சி நகர்ந்துவிடும். அந்தத் தொழிலின் மேடுபள்ளம் முழுவதும் அந்த இரண்டு மூன்று வரிக்குள் வந்துவிடுகிறது. இன்னோர் இடத்தில், சாவு நடந்த வீட்டுக்கே கடன் பாக்கியைக் கேட்டு ஆள் வந்து நிற்பான். நருசே குரலை உயர்த்தவே மாட்டார். துக்கத்தையும் கணக்கையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிடுவார். எனக்குத் தெரிந்து பணத்தை இவ்வளவு நேர்மையாகப் படமாக்கியவர்கள் மிகக் குறைவு.

இப்படிப்பட்ட படத்தின் அட்டையில் சிவந்த உதடும் நியான் வெளிச்சமும் போட்டால் வாங்குகிறவரையும் ஏமாற்றுகிறோம், படத்தையும் சிறுமைப்படுத்துகிறோம். மர்மக் கீழ்த்திசை அழகியாக கெய்கோவைக் காட்டாதீர்கள். அட்டைக்கு வேண்டியதை நருசேவே எடுத்து வைத்திருக்கிறார்: குறுகலான மாடிப்படி, கிமோனோவின் கீழ்விளிம்பு, ஏறும் கால்கள். படத்தில் திரும்பத் திரும்ப வரும் காட்சி அது. பின் அட்டையில் கதைச்சுருக்கம் எழுதும்போது கடைசி அரைமணி நேரத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். தயவுசெய்து.

அப்புறம் படத்தின் தரம். ஒளிப்பதிவு மசாவோ தமாய். டோஹோஸ்கோப் என்ற அகலத்திரையில், கருப்பு வெள்ளையில் எடுத்தது. அகலத்திரை கிடைத்தால் மலையையும் போர்க்களத்தையும் தேடிப் போவார்கள் பலர். நருசே அதை பார் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓரத்தை வெட்டினால் அதில் ஒருவர் காணாமல் போவார். அவர்தான் பில் கட்ட வேண்டியவராக இருப்பார். பார் மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும். இன்றைய டிவிக்காக அதை வெளிச்சமாக்க வேண்டாம்.

முக்கியமாக, ஃபிலிமின் கிரெயினை, அதாவது அதில் இயல்பாகத் தெரியும் நுண்புள்ளிகளை, துடைத்து எடுத்துவிடாதீர்கள். கெய்கோவாக நடித்த ஹிதேகோ தகாமினேதான் இந்தப் படத்தின் உடைகளையும் கவனித்துக்கொண்டவர். நிறமே இல்லாத படத்தில் ஒரு கிமோனோ விலை உயர்ந்ததா, அடக்கமானதா, பலமுறை உடுத்தியதா என்பதை நெசவும் கோடும் துணி மடியும் விதமும்தான் சொல்ல வேண்டும். கணினியை வைத்து எல்லாவற்றையும் வழவழப்பாக்கினால் முகம் மெழுகாகிவிடும், துணி வெறும் சாம்பல் நிறமாகிவிடும். தகாமினே செய்த இரண்டு வேலைகளில் ஒன்று அப்படியே அழிந்துபோகும்.

கூடுதல் அம்சங்கள் விஷயத்தில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2007-இல் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க வெளியீட்டு நிறுவனம் கொண்டுவந்த டிவிடியில், ஜப்பானிய சினிமா பற்றி நிறைய எழுதிய டொனால்ட் ரிச்சியின் விளக்கவுரையும், பார் மேலாளராக நடித்த தத்சுயா நகாதாயின் பேட்டியும் இருந்தன. புதிய பதிப்புகளில் அவற்றை விட்டுவிடக் கூடாது. ரிச்சி 2013-இல் காலமானார்; அப்படியொருவரை இனி உட்காரவைத்துப் பேசச் சொல்ல முடியாது.

அதோடு ஒன்றைச் சேருங்கள். கின்சா பாரின் பணம் எப்படி ஓடியது என்று தெரிந்த ஒருவரை அரைமணி நேரம் பேசவையுங்கள். கணக்கில் எழுதிக் குடித்தவரின் பாக்கி வராவிட்டால் யார் தலையில் விழும், சொந்தமாக பார் திறக்க வாடிக்கையாளர்களிடம் பணம் திரட்டுவது எப்படி, அந்தப் பணத்துக்கு அவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்றெல்லாம். விபசாரத் தடுப்புச் சட்டம் ஜப்பானில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1958 ஏப்ரல் 1-ஆம் தேதி. இரண்டு வருடங்கூட ஆகாத நிலையில் திரைக்கு வந்த படம் இது. பாரில் வேலை பார்க்கும் பெண்ணை ஊர் எந்தக் கண்ணோடு பார்த்தது என்பதை இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

தகாமினேக்கும் தனியாக இடம் வேண்டும். ஐந்து வயதில் நடிக்க வந்து, குடும்பத்தைத் தன் சம்பளத்தில் தாங்கியவர் அவர். நருசேயின் 17 படங்களில் நடித்திருக்கிறார். பிற்காலத்தில் தன் வாழ்க்கையைத் தானே எழுதி, எழுத்தாளராகவும் பெயர் வாங்கினார். உறவினர்களுக்குப் பணம் எடுத்துக் கொடுக்கும்போது கெய்கோவின் முகத்தில் வரும் அலுப்பை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று யோசிக்கவைக்கும் வாழ்க்கை அது.

கடைசியாக, எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு கோரிக்கை. ஜப்பானில் வெளிவரும் பழைய படங்களின் டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றில் ஆங்கில சப்டைட்டில் இருப்பதில்லை. புளூ-ரே டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் மண்டலப் பிரிவில் ஜப்பானும் அமெரிக்காவும் ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. ஆக, மண்டலப் பூட்டுப் போட்ட டிஸ்க் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சென்னையிலோ மதுரையிலோ வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது. அறுபது வருடத்துக்கு மேல் பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்கு இந்தப் பூட்டு எதற்கு? அதை எடுத்துவிடுங்கள். ஆங்கில சப்டைட்டிலில் வசனத்தோடு கடைப் பலகைகளையும் கடிதங்களையும் சேருங்கள். தமிழிலும் போட முன்வந்தால், மொழிபெயர்க்கவும் சரிபார்க்கவும் இங்கே ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
நருசே படங்களைத் தேடித் தேடிப் பார்க்கும் ஒரு தமிழ் ரசிகர்